இடது காதில் ஒன்பதாவது சிம்பொனி

ஜூன் 17, செவ்வாய்

இன்றும் கம்பெனி பஸ் ஒரகடம் மேம்பாலத்துக்குக் கீழே இருபது நிமிடம் நின்றது. முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி திரும்ப முடியாமல் குறுக்கே கிடந்தது. எல்லோரும் டிரைவரைப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தார்கள், ஏதோ லாரியை அவர்தான் அங்கே நிறுத்தினதுபோல. எனக்குக் கொண்டாட்டம். போனில் கிழவரை எடுத்து வைத்துக்கொண்டேன்.

கிழவர் எனக்கு வந்த சீதனம். போன வருஷம் எங்கள் பிளான்ட்டில் மோட்டார் சத்தத்தைச் சோதிக்கும் நாய்ஸ் ரூமை நிறுவிக் கொடுக்க வெளிநாட்டுத் தலைமைக் கம்பெனியிலிருந்து எல்கே அம்மா வந்திருந்தார். அவர் ஊர் ஆர்க்கெஸ்ட்ரா தன் கச்சேரிகளையெல்லாம் படம்பிடித்து ஒரு இணையதளத்தில் வைத்திருக்கிறது. திரும்பிப் போகும் அன்று தன் லாகினையும் பாஸ்வேர்டையும் ஒரு சீட்டில் எழுதி என் கையில் கொடுத்தார். "மோட்டாரில் கெட்ட சத்தத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் நல்ல சத்தத்தைக் கேட்டுப் பழகு" என்றார். நூறு பேர் சேர்ந்து வாசிக்கும், ஒன்றேகால் மணி நேரம் ஓடும் சிம்பொனிகள். எல்லாம் நூற்றுப் பத்து, நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் எழுதினவை. அத்தனையையும் நடத்துவது ஒரே மனிதர், உலகமே கொண்டாடுகிறவர். அவர் பெயர் என் நாக்கில் நிற்பதில்லை, அதனால் கிழவர்.

பக்கத்து சீட்டிலிருந்து உலகம்மாள் எட்டிப் பார்த்தாள். "யக்கா, இந்த மனுசன் என்னத்துக்குக் கைய ஆட்டுதாரு? ஒண்ணும் வாசிக்கலையே?"

"அவர்தான் எல்லாரையும் வாசிக்க வைக்கிறார்."

"அப்ப நம்ம சூப்பர்வைசர் மாதிரின்னு சொல்லுங்க."

சிரித்துவிட்டேன். ஒன்பதாவது சிம்பொனியின் கடைசி நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. சத்தம் தேய்ந்து தேய்ந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் போய், நின்றது. கிழவர் கை மட்டும் மேலேயே இருந்தது.

"முடிஞ்சிட்டா?"

"இல்லை, கையை இன்னும் இறக்கலை பாரு. அவர் இறக்குற வரைக்கும் யாரும் தட்டக் கூடாது."

"அவரு இறக்க மறந்துட்டாருன்னா?" என்று கேட்டாள். அந்த மாதிரி கேள்வி உலகுவுக்குத்தான் வரும்.

சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். என்னைவிட மூன்று வயது சின்னவள். இங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாலு பெண்களோடு ஒரு ரூமில் இருக்கிறாள். கான்ட்ராக்டில் வந்து நாலு வருஷம் ஆகிறது. நாய்ஸ் ரூமில் உட்கார்ந்து, கார் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டார்களை ஒவ்வொன்றாக ஓட்டிக் கேட்டு, நல்லது கெட்டது பிரிக்கிறாள். நான் குவாலிட்டி இன்ஜினியர், அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். ஆனால் காது என்று பார்த்தால் அவள் காதுதான் காது. வருகிற ஆயுத பூஜைக்கு பர்மனன்ட் லிஸ்ட் போடுவார்கள். கான்ட்ராக்ட் பெண்களில் முதல் பெயர் அவளுடையது. அதற்காக வல்லக்கோட்டை முருகனுக்கு ஆறு செவ்வாய் வேண்டிக்கொண்டிருக்கிறாளாம். இன்று மூன்றாவது.

ஜூன் 22, ஞாயிறு

காலையிலிருந்து லேப்டாப்பும் நானும். அம்மா இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, "ஏண்டி ஜானு, பேண்டு செட்டைப் பாத்துண்டே உக்காந்திருந்தா வயிறு ரொம்பிடுமா? சாத்தமுது ஆறிப் போறது" என்றாள்.

அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? நேரில் போய் உட்கார்ந்தால்கூட இதெல்லாம் தெரியாது. கேமரா முகத்துக்குப் பக்கத்தில் போகிறது. வாசிப்பதற்கு முன் ஒருத்தி உதட்டைக் கடிப்பது தெரிகிறது. ஐந்தாவது சிம்பொனியில் ஒரு இடத்தில் கொம்பு வாசிக்கிறவருக்குச் சத்தம் பிசிறிவிட்டது. எல்லோர் முன்னாலும், நட்டநடுவில். அந்த ஆளின் கழுத்து சிவந்துபோனதைக் கேமரா காட்டிவிட்டது, பாவம். கிழவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் முடிந்து கைதட்டல் வந்ததும் முதலில் அந்த ஆளைத்தான் எழுப்பி நிறுத்தினார்.

படத்தோடு ஒரு பேட்டியும் இருக்கிறது. அதில் அந்தப் பிசிறைப் பற்றிக் கேட்கிறார்கள். "என் கை தாமதமாக வந்தது, தப்பு என்னுடையது" என்கிறார். நான் விடுவேனா? நாலு தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தேன். கை தாமதமாகவே இல்லை. கிழவர் வாய் கூசாமல் பொய் சொல்கிறார்! எனக்கு அவர்மேல் ஆசையே வந்துவிட்டது.

ஜூலை 3, வியாழன்

இன்றைக்கு நடந்ததை எழுதாமல் இருக்க முடியாது.

மூன்றரை மணிக்கு உலகுவை மெடிக்கல் செக்கப்புக்குக் கூப்பிட்டார்கள். பர்மனன்ட் லிஸ்டில் பெயர் இருக்கிறவர்களுக்கு மட்டும். அவளுக்கு மாற்று ஆள் இல்லை. "நீ போ, நான் உக்காந்துக்கறேன்" என்றேன். அவள் லாகினிலேயே உட்கார்ந்தேன். முறைப்படி என் நம்பரில் லாகின் போட்டால் மெஷின் விடாது. மாதிரிக்கு வைத்திருக்கும் நல்ல மாஸ்டர் மோட்டார், கெட்ட மாஸ்டர் மோட்டார் இரண்டையும் ஓட்டிக் கேட்டு, என் காது சரியாக இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். எட்டு நிமிடம் லைன் நிற்கும். அதனால் இங்கே யாருமே லாகின் மாற்றுவதில்லை, ஒருத்தர் எழுந்தால் அடுத்தவர் உட்காருவதுதான் வழக்கம். இதில் வேடிக்கை, அந்த எட்டு நிமிட விதியை எழுதினதே நான். நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

நாய்ஸ் ரூம் கதவைச் சாத்திவிட்டால் பிளான்ட்டிலேயே அதுதான் சொர்க்கம். பிரஸ் ஷாப் இடி எதுவும் கேட்காது. லைன் ஆட்கள் போனைக் கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும், ஸ்டாப் எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. குட்டி இயர்போனை இடது காதில் வைத்து முடியை இழுத்து மூடிக்கொண்டேன். ஒன்பதாவதின் கடைசிப் பகுதி. வலது காதில் மோட்டார், இடது காதில் கிழவர். மோட்டார் ஒன்றுக்கு முப்பது வினாடி. "ங்..." என்று ஒவ்வொன்றும் வயலின்களோடு போய்ச் சேர்ந்துகொண்டது. பச்சை பட்டன், பச்சை பட்டன், பச்சை பட்டன். ஒரு கட்டத்தில் கண்ணில் நீர் வந்துவிட்டது. வேலை பார்த்துக்கொண்டு இத்தனை சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

உலகு கையில் பஞ்சு ஒட்டிக்கொண்டு ஓடி வந்தாள். "மெடிக்கல் பாஸ் யக்கா!" கேன்டீனில் எனக்கு ஒரு தேன்மிட்டாய் வாங்கி வைத்திருந்தாள்.

ஜூலை 9, புதன்

மழை. பஸ்ஸில் மூன்றாவது சிம்பொனி. உலகு தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

ஜூலை 21, திங்கள்

கார் கம்பெனியிலிருந்து புகார் வந்திருக்கிறது. ஐந்து மோட்டாரில் "டிக், டிக்" என்று சத்தமாம். வண்டியில் மாட்டின பிறகு கண்டுபிடித்திருக்கிறார்கள். கதவைப் பிரித்துக் கழற்றி, அவர்கள் லைனை நிறுத்தி, பெரிய ரகளை.

இளம்பரிதி சார் — எங்கள் குவாலிட்டி மேனேஜர் — ஐந்து சீரியல் நம்பரையும் என் மேஜையில் போட்டார். "எந்த ஷிப்ட், எவன் பாத்தான்னு எட்து குடு ஜானு."

எடுத்தேன். ஐந்தும் ஜூலை 3. மாலை 3.42க்கும் 4.05க்கும் நடுவே. ஆப்பரேட்டர் நம்பர் உலகம்மாளுடையது.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டைத் திறந்து பார்த்தேன். "நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஜூலை 22, செவ்வாய்

காரணம் தேடும் மீட்டிங். ஐந்து தடவை "ஏன்?" கேட்டு ஐந்தாவது பதிலைப் பிடிக்க வேண்டும், அதுதான் முறை. போர்டில் எழுதுகிறது எப்போதும் நான். இன்றும் மார்க்கர் என் கையில்தான் இருந்தது. லைன் ஆட்கள், சூப்பர்வைசர்கள் எல்லாம் சேர்த்து நாற்பது பேர் சுற்றி நின்றார்கள்.

"இன்னாமா ஆச்சு? ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல, அஞ்சு பீஸு. காது எங்க வச்சிருந்த நீ?" என்று இளம்பரிதி சார் உலகுவைக் கேட்டார்.

உலகு என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரியல சார். கவனம் பிசகிட்டு" என்றாள்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். "நான்தான் சார்." இவ்வளவுதானே? தொண்டைவரை வந்தது என்று எழுதினால் அது பொய். தொண்டைக்கு வரவே இல்லை. நான் நினைத்ததெல்லாம் இயர்போனைப் பற்றித்தான் — யாராவது கண்ணாடி வழியே பார்த்திருப்பார்களா?

"எழுதுமா" என்றார் சார். ஐந்தாவது "ஏன்"க்கு எதிரே எழுதினேன்: பரிசோதகரின் கவனக்குறைவு. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள்.

ஜூலை 23, புதன்

பேசலை. இன்னிக்கும் நான் பேசலை.

ஜூலை 24, வியாழன்

அறிக்கையை நானே தட்டச்சு செய்து, நானே சரிபார்த்து, கார் கம்பெனிக்கு அனுப்பினேன். இரண்டு எழுத்துப்பிழை இருந்தது, திருத்தினேன். எழுத்துப்பிழையைத் திருத்தினேன்!

ஜூலை 27, ஞாயிறு

மனது ஆறுமென்று லேப்டாப்பைத் திறந்தேன். ஐந்தாவதைப் போட்டேன், அந்தக் கொம்புக்காரர் வரும் இடத்துக்கு முன்னாலேயே மூடிவிட்டேன். கிழவர் தான் செய்யாத தப்பைத் தன்மேல் போட்டுக்கொள்ளப் பொய் சொன்னார். நானும்தான் பொய் சொன்னேன், அழகான கையெழுத்தில்.

என்ன ஜன்மம் நான்? கச்சேரி கேட்டு அழத் தெரிகிறது. பக்கத்தில் நிற்கிறவளுக்காக வாயைத் திறக்கத் தெரியவில்லை.

ஜூலை 30, புதன்

உலகுவை நாய்ஸ் ரூமிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டுவிட்டார்கள். பர்மனன்ட் லிஸ்டிலும் பெயரை அடித்தாயிற்று. சூப்பர்வைசர் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாராம், "காது கேக்காதவங்களுக்கு அட்டப்பொட்டிதான் லாயக்கு" என்று.

பஸ்ஸில் எப்போதும்போல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். விரல் நுனியெல்லாம் அட்டைப்பெட்டி கீறின கோடுகள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். மாத்தூர் தாண்டினதும் அவளே மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க ஒண்ணும் மனசுல வச்சிக்காதிய யக்கா. நீங்க எனக்காவத்தான உக்காந்திய. எனக்கே சில நேரம் தப்பும்."

"மெடிக்கல் ரூம் ரிஜிஸ்டர்ல உன் கையெழுத்து இருக்குமே, உலகு. மூணரைலேர்ந்து நாலு மணிக்கு மேல வரைக்கும் நீ அங்கேதானே இருந்தே? அதைக் காட்டியிருக்கலாமே."

"காட்டுனா யாரு உக்காந்தான்னு கேப்பாவல்லா? உங்க வேல பெரிய வேல. நான் அடுத்த வருசம் பாத்துக்கிடுதேன்."

அடுத்த வருசம். கான்ட்ராக்டில் அடுத்த வருசம் என்று ஒன்று இருக்கிறதா என்றே யாருக்கும் தெரியாது. அவள் ஊரில் வரன் பார்த்து வைத்திருக்கிறார்கள். பர்மனன்ட் ஆனால் அதைக் காட்டித் தள்ளிப்போடலாம், இல்லாவிட்டால் தை மாதம் ஊருக்குக் கூப்பிட்டுக்கொள்வார்கள் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

அவளுக்கு இயர்போன் விஷயம் தெரியாது. நான் உண்மையாகக் காதைக் கொடுத்துக் கேட்டுத் தவறவிட்டேன் என்று நம்பி, எனக்காகப் பழியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "தேங்க்ஸ் உலகு" என்றேன். ஆமாம், அதைத்தான் சொன்னேன். எழுதவே கை கூசுகிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அம்மாவிடம் பாதி சொன்னேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு விடவில்லை அவள்.

"நீ வேணும்னா பண்ணினே? தவறிப்போச்சு. அந்தப் பொண்ணுக்கு இந்தக் கம்பெனி இல்லேன்னா பக்கத்துக் கம்பெனி. அவாளுக்கெல்லாம் வேலை கிடைக்கறது ஒரு கஷ்டமா? உனக்கு அப்பிடியா?"

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "அவாளுக்கெல்லாம்னா யாரும்மா?" என்று கத்தினேன். அம்மா பாத்திரத்தை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்புறம்தான் புரிந்தது, பத்து நாளாக என் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்த வாக்கியத்தைத்தான் அவள் வெளியே சொன்னாள். அதனால்தான் அத்தனை கோபம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இளம்பரிதி சாரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். "அன்னிக்கு அந்த நேரத்துல உலகம்மாள் ரூம்ல இல்லை சார். அவ லாகின்ல நான்தான் உக்காந்திருந்தேன்."

எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "இத்த யார்னா கேட்டாங்களா உன்ன?"

"இல்லை சார்."

"அப்புறம் இன்னாத்துக்கு வாயத் தொறக்கற? ரிப்போர்ட்டு கஸ்டமருக்குப் போய்ட்சு. அவனும் கேஸ மூடிட்டான். இப்ப லாகின் மாத்தாம உக்காந்தோம்னு தெரிஞ்சா பிளான்ட்டே நாறிடும். உனக்கும் போவும், அந்தப் பொண்ணுக்கும் போவும். நானே அவள அடுத்த வாட்டி லிஸ்ட்ல பாத்து சொல்றேன். போய் வேலையப் பாரு."

வெளியே வந்தபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்றிருந்தது. சொல்லியும் ஆயிற்று, ஒன்றும் ஆகவில்லை. கைகழுவும் இடத்துக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தேன். இயர்போனை அவரிடமும் சொல்லவில்லையே நான்! பாதி உண்மையைச் சொல்லிவிட்டு முழு நிம்மதியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சீ.

ஆகஸ்ட் 6, புதன்

உலகுவிடம் சொல்லிவிட்டேன்.

டீ நேரத்தில் கேன்டீனுக்குப் பின்னால் கூப்பிட்டேன். "யக்கா, என்ன, முகம் இப்பிடி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே டீயோடு வந்தாள். சுற்றி வளைக்கவில்லை. அன்றைக்கு இடது காதில் இயர்போன் இருந்தது, சிம்பொனி கேட்டுக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. "எந்தக் காதுல?" என்றாள்.

"இடது."

"அந்தக் கைய ஆட்டுத மனுசனையா?"

"ஆமா."

டீயைக் கீழே ஊற்றினாள். டம்ளரைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு வரைக்கும்.

"எங்கம்மைய பாம்பு கடிச்சி ஆசுபத்திரில போட்டப்ப எனக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் தெரியும். ஏன்னு தெரியுமா? போனு கேட்டுல கெடந்திச்சு. அது சட்டம்னு சொன்னாவ. நானும் சட்டந்தானேன்னு இருந்தேன்." குரல் ஏறவே இல்லை. "கேட்டுத் தவறிட்டியன்னு நெனச்சில்லா நாப்பது பேருக்கு முன்னால தலையக் குனிஞ்சேன். நீங்க கேக்கவே இல்லையே. பாட்டு கேட்டுக்கிட்டா இருந்திய?"

"உலகு..."

"வாரேன் மேடம். பெல் அடிச்சிரும்."

மேடம். நாலு வருஷத்தில் பஸ்ஸிலோ கேன்டீனிலோ அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. சாயங்காலம் பஸ்ஸில் முன் சீட்டில் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பிளான்ட் ஹெட்டுக்கு மெயில் போட்டேன். இளம்பரிதி சாருக்கும் ஒரு நகல். மூன்று விஷயம் இணைத்தேன். மெடிக்கல் ரூம் ரிஜிஸ்டரில் உலகம்மாளின் கையெழுத்து, உள்ளே 3.35, வெளியே 4.10. லாகின் மாற்றும் விதி, அடியில் என் பெயர். கச்சேரி இணையதளத்தில் நான் என்ன பார்த்தேன் என்ற பட்டியல். அதில் தெளிவாக இருக்கிறது: ஜூலை 3, 3.41, சிம்பொனி ஒன்பது, நான்காம் பகுதி.

அனுப்புவதற்கு முன் அந்த மூன்றாவதை ஒரு தடவை மெயிலிலிருந்து எடுத்தேன். திரும்ப வைத்தேன். மறுபடியும் எடுத்தேன். இதை மறைத்து எழுத எனக்கு உரிமை இல்லை: இரண்டு தடவை எடுத்தேன். அப்புறம் வைத்து அனுப்பிவிட்டேன். எல்கே அம்மாவுக்கும் தனியாக எழுதினேன், அவர் லாகினை வேலை நேரத்தில் பயன்படுத்தியது, இப்போது அந்தப் பட்டியல் ஆபீஸ் பைலில் இருப்பது, எல்லாம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

இளம்பரிதி சார் என்னைப் பார்த்துச் சொன்னது ஒன்றே ஒன்று. "கதாநாயகி ஆயிட்டியா? சந்தோஷமா?"

ஆகஸ்ட் 20, புதன்

விசாரணை. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு நிமிடமாகக் கேட்டார்கள். "அந்த ஐந்து மோட்டாரில் சத்தம் கேட்டதா, கேட்கவில்லையா?" என்றார் ஒருவர்.

"கேட்டிருக்கும் சார். நான் கவனிக்கலை."

"பாட்டு அவ்வளவு சத்தமா?"

"இல்லை சார். அந்த இடத்துல ரொம்ப மெல்லிசா இருக்கும். அதனால நான் அதுக்குத்தான் காதைக் கொடுத்தேன்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அவமானத்தில் உடம்பெல்லாம் சுட்டது. இருந்தும் ஒரு மூலையில், "பரவாயில்லைம்மா, தானா வந்து சொன்னியே" என்று ஒருத்தராவது சொல்ல மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? பதினேழு நாள் கழித்து வந்தவளுக்கு மாலையா போடுவார்கள்?

உலகு பழையபடி நாய்ஸ் ரூமுக்குப் போகிறாள். லாகினைத் திறந்து வைத்துவிட்டுப் போனதற்கு அவளுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் உண்டு, லிஸ்டை மறுபடி பார்ப்பார்களாம். எனக்கு இன்ஜினியர் பொறுப்பு போயிற்று. இனி லைனில் பரிசோதகர். போனைக் கேட்டில் கொடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 21, வியாழன்

கேட்டில் போனைக் கொடுத்தேன். நம்பர் போட்ட ஒரு தகரப் பெட்டி, உள்ளே எல்லோர் போனும் குவியலாக. செக்யூரிட்டிக்காரர் குழம்பிப்போய், "மேடம், நீங்க ஸ்டாப்பாச்சே?" என்றார். பின்னால் வரிசை நின்றது. டோக்கனை வாங்கிக்கொண்டு நகர்ந்தேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

அம்மா இன்று தானாகவே கேட்டாள். "அந்தப் பொண்ணுக்கு வேலை திரும்பக் கிடைச்சுடுத்தோ?" கிடைத்துவிட்டது என்றேன். "நல்லவேளை" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நான் அன்னிக்கு அப்பிடிச் சொல்லியிருக்கப்படாது" என்றாள். அம்மாவுக்கு ஐந்து வாரம் ஆயிற்று. எனக்கும் இரண்டரை வாரம் ஆயிற்றே.

செப்டம்பர் 12, வெள்ளி

உலகு சேரப்பணஞ்சேரிக்கு ரூம் மாற்றிக்கொண்டு போய்விட்டாள். இனி அவளுக்கு படப்பைப் பக்கம் போகிற பஸ். என் பக்கத்து சீட்டில் இப்போது பெயிண்ட் ஷாப் ஆள் ஒருத்தர் உட்கார்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார்.

செப்டம்பர் 19, வெள்ளி

எல்கே அம்மா ஒரு மாதத்துக்கும் மேலே கழித்துப் பதில் போட்டிருக்கிறார். இரண்டே வரி. பாஸ்வேர்டை மாற்றிவிட்டாராம். அந்த ரூமைக் கட்டினது ஒரு சத்தத்தைக் கேட்க மட்டும்தான், இரண்டைக் கேட்க அல்ல என்று எழுதியிருக்கிறார்.

சரிதான். கிழவரும் போனார்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. நாய்ஸ் ரூம் கதவில் உலகுவே பொட்டு வைத்தாள். பதினொரு மணிக்கு நோட்டீஸ் போர்டில் லிஸ்ட் ஒட்டினார்கள். கூட்டத்துக்குப் பின்னால் நின்று எக்கிப் பார்த்தேன். முதலாவதாக இருந்த பெயர் ஏழாவதாக இருந்தது. ஆனால் இருந்தது.

பேக்கிங் பெண்கள் அவளைத் தூக்காத குறை. பொரி, கடலை, சுண்டல் எல்லோருக்கும் அவள் கையாலேயே கொடுத்துக்கொண்டு வந்தாள். எனக்கும் கொடுத்தாள், மற்றவர்களுக்குக் கொடுத்த அதே அளவு. "வாழ்த்துக்கள் உலகம்மாள்" என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போனாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

மாற்று ஆள் போடும் இன்றைய ரிலீவ் சார்ட்டில் நாய்ஸ் ரூமுக்கு நேராக என் பெயர் இருந்தது. வேறு ஆள் இல்லை, இரண்டு பேர் லீவு. ஏழெட்டு வாரமாக அந்தக் கதவுப் பக்கமே நான் போகவில்லை. மூன்று மணிக்குப் போய் நின்றேன்.

உலகு நாற்காலியிலிருந்து எழுந்தாள். பர்மனன்ட் ஆட்களுக்குக் கொடுக்கிற நீலச் சட்டை, இன்னும் மடிப்புக் கலையவில்லை. நான் பழக்கத்தில் அப்படியே உட்காரப் போனேன்.

"இருங்க" என்றாள்.

தன் லாகினை மூடினாள். என் நம்பரை அடிக்கச் சொன்னாள். திரையில் நான் எழுதின அந்த விதி வந்தது: மாஸ்டர் மோட்டார்களைச் சோதிக்கவும். வெளியே லைனில் மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தேங்க ஆரம்பித்தன. சூப்பர்வைசர் கண்ணாடியைத் தட்டினார். கையை விரித்து "இன்னா?" என்று கேட்டார். உலகு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அலமாரியிலிருந்து இரண்டு மாஸ்டரையும் எடுத்து வைத்தாள். அப்புறம் என் அருகில் வந்தாள். என் தொப்பியைக் கழற்றி, முடியை ஒதுக்கி, இடது காதைப் பார்த்தாள். பிறகு வலது காது. அவள் விரல் நுனி சொரசொரவென்று இருந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன், கண்ணை மட்டும் மூடிக்கொண்டேன். தொப்பியைத் திரும்ப வைத்தாள்.

நல்ல மாஸ்டர் ஓடியது. நல்லது என்றேன். கெட்ட மாஸ்டரை மாட்டி சுவிட்சைப் போட்டாள்.

"கேக்குதா மேடம்?"

"கேக்குது. திரும்புற இடத்துல டிக். இறங்கும்போது மட்டும்."

மோட்டார் நின்றது. அவள் கை சுவிட்ச் மேலேயே இருந்தது. இரண்டு பேரும் அசையவில்லை. அந்த ரூமில் ஒரு சத்தமும் இல்லை, என் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் கையை எடுத்தாள்.

"இருபது நிமிசத்துல வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கதவு மூடியது.

முப்பத்தெட்டு மோட்டார் கேட்டேன். முப்பத்தொன்றாவதில் டிக் இருந்தது. சிவப்பு பட்டனை அழுத்தினேன். திரையில் என் நம்பர் வந்தது.